விளையாட்டுப் பெட்டிகளின் போட்டி

விளையாட்டு மனிதனுக்குப் புதியதன்று. பல்லாங்குழியும் தாயமும் ஆடுபுலி ஆட்டமும் நம் திண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக ஆடப்பெற்று வந்தவை. அவற்றுக்கு வேண்டியவை சில புளியங்கொட்டைகளும், சில சோழிகளும், தரையில் கீறிய கோடுகளுமே. இன்று அவற்றின் பக்கத்தில் புதியதொரு கருவியும் வந்து அமர்ந்திருக்கிறது. தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பெட்டி அது. கடைக்காரர் அதனைக் 'கன்சோல்' என்பார். தொண்ணூறுகளில் சிறுவர்களாக இருந்தவர்கள் 'வீடியோ கேம்' என்பார்கள். நான் அதனை விளையாட்டுப் பெட்டி என்றே இப்பேச்சில் குறிப்பிடுகிறேன்.

மாணவ நண்பர்கள் நால்வர் கூடினால், இப்பெட்டிகளைப் பற்றி ஒரு வழக்கு எழாமல் இராது. பிளேஸ்டேஷன் சிறந்ததா, எக்ஸ்பாக்ஸ் சிறந்ததா, நின்டெண்டோ சிறந்ததா என்பதே அவ்வழக்கு. ஒருவர் ஒரு கட்சி பிடித்தால், மற்றவர் எதிர்க்கட்சி பிடிப்பார். நான் கொல்லிமலையில் வாழ்பவன். இப்பெட்டிகளோடு நெடுநாள் பழகியவன். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி எங்கள் ஊருக்கு வருகின்ற எந்தப் பொருளையும், 'இது இங்கே பயன்படுமா?' என்று கேட்டுத்தான் நாங்கள் வாங்குவது வழக்கம். அந்தக் கேள்வியையே இவ்வழக்கிலும் கேட்கப் போகிறேன்.

முதலில், வழக்காடுகின்ற மூவரும் யார் என்று பார்ப்போம். நின்டெண்டோ 1889ஆம் ஆண்டு ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் பிறந்த நிறுவனம். மின்சார விளக்கே அரிதாயிருந்த அந்நாளில் அது செய்து விற்றவை, மலர்ப்படம் தீட்டிய ஆட்டச் சீட்டுகள். சோனி 1946இல் தோன்றியது. 1955இல் ஜப்பானின் முதல் டிரான்சிஸ்டர் வானொலிப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மைக்ரோசாஃப்ட் 1975இல் அமெரிக்காவில் தோன்றிக் கணிப்பொறிகளுக்கு மென்பொருள் எழுதியது. ஆகச் சீட்டு விற்ற வீடு ஒன்று, வானொலி விற்ற வீடு ஒன்று, மென்பொருள் விற்ற வீடு ஒன்று. மூன்றும் வெவ்வேறு வழிகளில் வந்து ஒரே சந்தையில் கடை விரித்திருக்கின்றன.

இவர்களுக்கு முன்னோடி வேறொருவர். ரால்ஃப் பேயர் என்னும் பொறியாளர் வகுத்த முறையைக் கொண்டு, 1972இல் அமெரிக்காவில் 'மேக்னவாக்ஸ் ஒடிசி' என்னும் பெட்டி வெளிவந்தது. வீட்டுக்கென விற்கப்பட்ட முதல் விளையாட்டுப் பெட்டி அதுவே. திரையில் சில வெண்புள்ளிகளும் ஒரு கோடும் மட்டுமே தோன்றும். ஆடுகளத்தைக் காட்ட வேண்டுமானால், வண்ணம் தீட்டிய ஒளிபுகு தாளைத் தொலைக்காட்சித் திரையின் மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும்! பின்னர் 'அட்டாரி' நிறுவனம் செல்வாக்குப் பெற்றது. ஆனால், தரமற்ற ஆட்டங்கள் சந்தையில் குவிந்து, 1983இல் அமெரிக்க வணிகமே சரிந்தது. விற்காத சரக்கை அந்நிறுவனம் நியூ மெக்சிகோப் பாலைநிலத்தில் குழி தோண்டிப் புதைத்தது. 2014இல் அக்குழியைத் தோண்டிச் சரக்கை வெளியே எடுத்தும் பார்த்தார்கள். அதே 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட 'ஃபாமிகாம்' என்னும் பெட்டிதான் இத்தொழிலை மீண்டும் தலைநிமிரச் செய்தது.

சோனி இக்களத்தில் இறங்கிய கதை சுவையானது. நின்டெண்டோவின் பெட்டிக்குக் குறுவட்டு இயக்கும் கருவியொன்றைச் செய்து தருவதாக அது உடன்பாடு கொண்டிருந்தது. 1991இல் சிகாகோவில் நடந்த பொருட்காட்சியில் சோனி அதனை அறிவித்தது. மறுநாளே நின்டெண்டோ, பிலிப்ஸ் நிறுவனத்தோடு கைகோத்திருப்பதாக அறிவித்துவிட்டது. சோனி தானே ஒரு பெட்டி செய்தது. 1994 டிசம்பரில் அது 'பிளேஸ்டேஷன்' என்ற பெயரோடு வெளிவந்தது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 2001இல் வந்தது. அதே ஆண்டில், நெடுங்காலப் போட்டியாளராயிருந்த 'சேகா' பெட்டி செய்வதையே கைவிட்டது.

இனி வழக்கிற்கு வருவோம். பெட்டியின் பெருமையைப் பேசுகிறவர்கள் முதலில் எடுத்துக்காட்டுவது அதன் வலிமை. நொடிக்கு எத்தனை கணக்குப் போடும், எத்தனை வண்ணம் காட்டும் என்று எண்களை அடுக்குவார்கள். இந்த அளவுகோல் நம்பத்தக்கதா? வரலாறு இல்லை என்கிறது.

1989இல் நின்டெண்டோ 'கேம் பாய்' என்னும் கையடக்கப் பெட்டியை வெளியிட்டது. வண்ணமில்லாத மங்கிய திரை. அடுத்த ஆண்டே சேகா நிறுவனம் வண்ணத் திரையோடு 'கேம் கியர்' பெட்டியைக் கொண்டு வந்தது. கண்ணுக்கு எது அழகு என்பதில் ஐயமே இல்லை. ஆனால் கேம் கியர் 6 பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். கேம் பாய் 4 பேட்டரிகளைக் கொண்டு அதனினும் பன்மடங்கு நேரம் ஓடும். அதனை வடிவமைத்தவர் கும்பேய் யோகோய். முதிர்ந்து மலிவாகிவிட்ட தொழில்நுட்பத்தை எடுத்துப் புதுவிதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தப் பெட்டி, பின்னர் வந்த தன் வண்ணத்திரைப் பதிப்பையும் சேர்த்து, 11 கோடிக்கு மேல் விற்றது. மழை நாளில் மின்சாரம் நின்றுபோகும் மலையூர்க்காரன் ஒருவனுக்கு இந்தத் தீர்ப்பின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை.

பிளேஸ்டேஷன் 2 வெளிவந்த ஆண்டு 2000. அடுத்து வந்த எக்ஸ்பாக்ஸ் அதனினும் வலியது. ஆயினும் பிளேஸ்டேஷன் 2 பதினைந்து கோடிக்கு மேல் விற்றது. எக்ஸ்பாக்ஸ் இரண்டரைக் கோடியைக்கூட எட்டவில்லை. 2006இல் வந்த நின்டெண்டோவின் 'வீ' தன் காலத்துப் பெட்டிகளிலெல்லாம் வலிமை குறைந்தது. ஆனால் கைக்கருவியை வீசினால் திரையில் பந்து பறக்கும். பாட்டியும் பேரனும் சேர்ந்து ஆடலாம். அது 10 கோடியைத் தாண்டியது. எளிமையே எப்போதும் வெல்லும் என்று இதனால் முடிவு கட்டிவிடவும் கூடாது. 2012இல் வந்த அதன் வாரிசு 'வீ யூ' ஒன்றரைக் கோடியைக்கூட எட்டாமல் நின்றது. எதற்காக அந்தப் பெட்டி என்பதே வாங்குவோர் பலருக்கு விளங்காமற் போயிற்று.

எங்கள் மலையை ஆண்ட வல்வில் ஓரியை நீங்கள் அறிவீர்கள். ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியவன் என்று வன்பரணர் புறநானூற்றில் அவனைப் பாடியிருக்கிறார். வலிய வில் என்று பெயரில் இருப்பினும், புலவர் வியந்தது அதனை வளைத்த கையையே. பெட்டியின் வலிமையும் அத்தகையதே. நல்ல ஆட்டத்தைப் படைப்பவன் கையில்தான் அதற்குப் பொருள் உண்டாகிறது.

இரண்டாவது அளவுகோல் ஒன்று உண்டு. அதைப் பற்றி மேடைகளில் அதிகம் பேசமாட்டார்கள். ஆனால் நம் போன்றவர்களுக்கு அதுவே முதன்மையானது. வாங்கிய ஆட்டம் நம்முடையதா? அதனை நண்பனுக்கு இரவல் கொடுக்கலாமா? தொலைத்தொடர்பு இல்லாத ஊரில் அது ஓடுமா?

தொண்ணூறுகளில் நம் நாட்டில் இந்த இரவல் மரபுதான் விளையாட்டை வளர்த்தது. 1995இல் சேகாவின் பெட்டியை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்றபோது அதன் விலை ஏறத்தாழ 18,000 ரூபாய். அன்றைய நடுத்தரக் குடும்பத்திற்கு அது எட்டாக் கனி. ஆகையால் ஃபாமிகாமைப் பார்த்துச் செய்த மலிவான பெட்டிகளே ஊர்தோறும் பரவின. ஆட்டங்களைத் தாங்கிய பிளாஸ்டிக் கட்டியை எல்லோரும் 'கேசட்' என்றே அழைத்தார்கள். தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். கேசட்டுகள் கை மாறிக்கொண்டே இருக்கும். ஒருவர் வாங்கியது பத்துப் பேர் ஆடியதாயிற்று.

இந்த உரிமைக்கு 2013இல் ஒரு சோதனை வந்தது. அவ்வாண்டு மே மாதம் மைக்ரோசாஃப்ட் 'எக்ஸ்பாக்ஸ் ஒன்' பெட்டியை அறிவித்தது. நாளுக்கு ஒருமுறையேனும் அது இணையத்தோடு தொடர்பு கொண்டாக வேண்டும். இல்லையேல் ஆட்டம் ஓடாது. வட்டை இரவல் கொடுப்பதற்கும் கட்டுப்பாடுகள். இணைய வசதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டபோது, அவர்களுக்கு எங்கள் பழைய பெட்டி இருக்கிறதே என்று அந்நிறுவனத்தின் தலைவர் ஒருவர் விடையிறுத்தார். மலைகளில், தீவுகளில், நடுக்கடற் கப்பல்களில் இருப்பவர்களுக்கு அச்சொல் எப்படி இருந்திருக்கும்! அந்நாட்களில் சோனி ஒரு குறும்படம் வெளியிட்டது. தன் பெட்டியின் ஆட்டத்தை இரவல் தருவது எப்படி என்று விளக்கும் படம். ஒருவர் வட்டை நீட்டுகிறார். மற்றவர் நன்றி கூறி வாங்கிக்கொள்கிறார். படம் முடிந்தது. ஆடுவோரின் எதிர்ப்பு ஓங்கவே, ஜூன் 19ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் தன் கட்டுப்பாடுகளைத் திரும்பப் பெற்றது. வாங்குகிறவர்கள் ஒன்றுகூடிக் கேட்டால் பெருநிறுவனமும் செவிசாய்க்கும் என்பதற்கு இது சான்று.

ஆயினும் சோனியைக் குற்றமற்றதாக நினைக்க வேண்டாம். 2011 ஏப்ரலில் அதன் இணையப் பிணையத்தில் திருடர்கள் புகுந்து, 7 கோடிக்கு மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள் களவு போயின. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அப்பிணையமே முடங்கிக் கிடந்தது. நின்டெண்டோவோ 2023 மார்ச்சில் தன் பழைய பெட்டிகள் இரண்டின் இணையக் கடையை மூடிவிட்டது. 2025 ஜூனில் வந்த 'ஸ்விட்ச் 2' பெட்டிக்கான அட்டைகள் சிலவற்றில் ஆட்டம் இல்லை. அதனை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் சாவி மட்டுமே இருக்கிறது. வட்டுத் துளை இல்லாத பெட்டிகளை 2020இல் சோனியும் மைக்ரோசாஃப்டும் வெளியிட்டன. 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் வந்தபோது, வட்டு இயங்கும் பெட்டி 49,990 ரூபாய். துளை இல்லாதது 39,990 ரூபாய். பத்தாயிரம் ரூபாய் மிச்சம் என்று மகிழ்கிறோம். இரவல் கொடுக்கும் உரிமையைத்தான் அந்த விலைக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டாமா?

மூன்று பெட்டிகளைப் பற்றியும் என் கருத்தைக் கேட்டால் சுருக்கமாகச் சொல்வேன். பெரிய கதைகளைத் திரைப்படம் போல ஆட விரும்புவோருக்குப் பிளேஸ்டேஷன் ஏற்றது; வட்டுத் துளை உள்ளதையே வாங்குங்கள். எக்ஸ்பாக்ஸின் பெருமை இரண்டு. பழைய ஆட்டங்களைப் புதிய பெட்டியிலும் ஓடச் செய்ய அது உண்மையாக உழைத்திருக்கிறது. உடற்குறை உடையோரும் ஆடும்படி 2018இல் தனிக் கைக்கருவி ஒன்றைச் செய்து தந்தது. ஆனால் நல்ல இணையத் தொடர்பு இல்லாத ஊரில் அதன் பயன் பாதியாகக் குறையும். ஒரே அறையில் நால்வர் கூடி ஆட வேண்டுமானால் நின்டெண்டோவுக்கு நிகரில்லை. மின்சாரம் நின்றாலும் ஸ்விட்ச் கையில் சிறிது நேரம் ஓடும். எங்கள் மலையூருக்கு எதைச் சொல்வாய் என்று கேட்டால் அதையே சொல்வேன். வேறு ஊரில் இருந்தால் வேறு விடை சொல்லக்கூடும். பெட்டிக்கு ஊரைப் பொருத்தாமல் ஊருக்குப் பெட்டியைப் பொருத்த வேண்டும்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கொல்லிப்பாவையைப் பற்றி எங்கள் மலையில் வழங்கும் கதை பழையது. காண்பவரைத் தன் அழகால் மயக்கி, சிரித்தே உயிர் கவரும் பாவை அது என்பார்கள். ஒளிரும் திரையும் ஒருவகைப் பாவையே. எந்நேரத்தில் எழுந்து போவது என்று தெரிந்து ஆடுகிறவனை அது ஒன்றும் செய்யாது. தெரியாதவனுடைய பரீட்சையையும் தூக்கத்தையும் கவர்ந்துவிடும். அதற்கு மேல் ஒரு மயக்கமும் உண்டு. நாம் வாங்கிய பெட்டியே உயர்ந்தது என்று பிறரோடு பகை கொள்வது. அந்நிறுவனங்கள் நமக்குப் பொருள் விற்கின்றன. நாம் அவற்றுக்குப் படை வீரர்கள் ஆக வேண்டிய கடமை இல்லை.

கடைசியாக ஒரு செய்தி. 2023 ஜூலை 31ஆம் நாள் 'வெண்பா' என்றொரு ஆட்டம் வெளிவந்தது. கனடாவின் டொரண்டோ நகரைச் சேர்ந்த 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு அதனைப் படைத்தது. எண்பதுகளில் கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்று. வெண்பா என்னும் தாய். அவள் தன் தாயிடமிருந்து பெற்ற, கிழிந்தும் மங்கியும் போன சமையற் குறிப்பேடு. அழிந்த வரிகளை ஊகித்து நாம் இட்டலி அவிக்க வேண்டும். புட்டு செய்ய வேண்டும். தமிழை மறந்துவரும் மகனுக்கும் தாய்க்கும் இடையிலுள்ள தொலைவே அதன் கதை. ஓரிரு மணி நேரத்தில் ஆடி முடித்துவிடலாம். வலிமை மிக்க பெட்டி எதுவும் அதற்குத் தேவையில்லை. அச்சிறிய ஆட்டம் 2024இல் பிரிட்டனின் 'பாஃப்டா' விருதை முதற்படைப்புக்கான பிரிவில் வென்றது. தனிப்படைப்பாளர்களுக்கான அமெரிக்க விழாவில் முதற்பரிசையும் பெற்றது.

அந்த ஆட்டம் எந்தப் பெட்டியில் வந்தது தெரியுமா? பிளேஸ்டேஷனிலும் வந்தது, எக்ஸ்பாக்ஸிலும் வந்தது, ஸ்விட்சிலும் வந்தது. மூன்று வீடுகளும் அந்தத் தமிழ்த் தாய்க்கு இடம் கொடுத்தன. எந்தப் பெட்டி சிறந்தது என்று வழக்காடும் நேரத்தில் சிறிதை எடுத்து, எந்தக் கதையை ஆட்டமாக்கலாம் என்று நீங்கள் எண்ணத் தொடங்கினால், எங்கள் மலையின் ஓரிக்கும் ஒருநாள் அப்பெட்டிகளில் இடம் கிடைக்கலாம். அவனுக்காக ஒரு வில்லை வரைந்து பார்ப்பதற்கு எந்தப் பெட்டியும் வேண்டியதில்லை. ஒரு தாளும் பென்சிலும் போதும்.