ஆண்மையும் எட்டு வினாடியும்

(வாலிபர் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இன்னதென்று தலைவர் சொன்னவுடனே சிலர் முகம் சுளித்தார்கள், சிலர் சிரித்தார்கள். இரண்டிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. முழுவதும் கேட்டுவிட்டு அப்புறம் சுளிக்கலாம், சிரிக்கலாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுகிறேன்.

அமெரிக்காவின் மேற்குச் சீமையில் ரோடியோ என்று ஒரு பந்தயம் உண்டு. ரோடியோ என்பது ஸ்பானியச் சொல். மேயவிட்ட மாடுகளை வளைத்து ஓரிடத்தில் சேர்ப்பது என்று அர்த்தம். அந்தத் தொழிலை வெள்ளைக்காரர்கள் மெக்சிகோக்காரர்களிடத்தில்தான் கற்றுக்கொண்டார்கள். மாடு ஓட்டியவர்களில் மெக்சிகோக்காரரும் கறுப்பரும் ஏராளமாக இருந்தார்கள். சினிமாக்காரர்கள்தான் எல்லோரையும் வெள்ளைக்காரராக்கி விட்டார்கள்! அது இருக்கட்டும். ரோடியோவில் பெரிய பந்தயம் காளைச் சவாரி. ஏறக்குறைய 700 கிலோ எடையுள்ள காளை. அதன் நெஞ்சைச் சுற்றி ஒரு கயிறு. அந்தக் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு 8 வினாடி அதன் முதுகில் இருக்க வேண்டும். மற்றக் கை காளை மேல் பட்டால் தோல்வி. தாக்குப் பிடித்தால் 100 மார்க்குக்குக் கணக்குப் போடுவார்கள். அதில் பாதி காளைக்கு! எவ்வளவு துள்ளிற்றோ அவ்வளவு மார்க்கு. 1989-இல் ஷயான் நகரத்துப் பந்தயத்தில் லேன் பிராஸ்டு என்ற பெயர்பெற்ற வாலிபர் சவாரியை முடித்து இறங்கிய பிறகு காளை முட்டி அங்கேயே மாண்டார். அதற்குப் பிறகுதான் இவர்கள் நெஞ்சுக்குக் கவசம் போட ஆரம்பித்தார்கள்.

இந்தச் சவாரிக்காரனுக்குச் சம்பளம் கிடையாது. அவனே பணம் கட்டித்தான் பந்தயத்தில் சேர வேண்டும். ஜெயித்தால் பணம், தோற்றால் பட்டினி. ஆகையினால் இரண்டு பேர், மூன்று பேராகச் சேர்ந்துகொள்ளுவார்கள். ஒரே மோட்டார் வண்டியில் ஊர் ஊராகப் போவார்கள். எண்ணெய்ச் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு, விடுதியில் ஒரே அறையில் படுப்பார்கள். ஒருவன் எலும்பு முறிந்தால் மற்றவன்தான் தாயும் தாதியும். இதை ஊரார் யாரும் தவறென்று சொல்லுவதில்லை. சிநேகம் என்று புகழவும் செய்வார்கள்.

ஆனால், அப்படிப் போகிற இருவரில் ஒருவனுக்கு மற்றவன்மேல் காதல் பிறந்துவிட்டது என்று வையுங்கள். அதே வண்டி, அதே அறை, அதே பணிவிடை. ஒரு வார்த்தைதான் புதிது. அந்த வார்த்தை வெளியில் வந்த நிமிஷத்தில் அவன் ஆண் அல்ல என்று ஆகிவிடுகிறதே, இது என்ன கணக்கு? நேற்று 8 வினாடி காளைமேல் இருந்தவனும் அவன்தானே? கொம்புக்குப் பயப்படாதவன் ஒரு வார்த்தைக்குப் பயந்து இரவெல்லாம் தூங்காமல் கிடக்கிறான். தனக்கே ஒப்புக்கொள்ளப் பயப்படுகிறான். அவன் கையிலும் காலிலும் இருந்த ஆண்மை எங்கே போயிற்று? அங்கேயேதான் இருக்கிறது. ஊரார் வாயில் இருக்கிற ஆண்மைதான் போயிற்று.

இந்த வேதனையைக் கதையாக எழுதியவர் ஆனி புரூ என்ற அம்மையார். 1997-இல் ஒரு பத்திரிகையில் வந்தது. தைவான் தேசத்தவரான ஆங் லீ அதை 2005-இல் ‘புரோக்பேக் மவுண்டன்’ என்ற படமாக எடுத்து, சிறந்த இயக்குநர் என்ற ஆஸ்கார் பரிசு பெற்றார். 1963-இல் வயோமிங் மலையில் ஆடு மேய்க்கப் போன எனிஸ், ஜாக் என்ற இரு ஏழை வாலிபர்களின் கதை. ஜாக் காளைச் சவாரிக்காரன். படத்தில் ஒரு காட்சியைச் சொல்லுகிறேன். பந்தயக் களத்தில் கோமாளி வேஷக்காரன் ஒருவன் இருப்பான். விழுந்தவனைக் காளை குத்தாதபடி தன் பக்கம் இழுத்துக்கொள்வதுதான் அவன் வேலை. ஜாக்கை அப்படிக் காப்பாற்றுகிறான். அன்றிரவு மதுக்கடையில் ஜாக் நன்றியோடு அவனுக்கு ஒரு கிளாஸ் வாங்கித் தருகிறேன் என்கிறான். அவன் பார்வையில் என்னத்தைக் கண்டானோ, கோமாளி மரியாதையாக மறுத்துவிட்டு வேறு மேஜைக்குப் போய் ஏதோ சொல்லுகிறான். அந்த மேஜையே ஜாக்கைத் திரும்பிப் பார்க்கிறது. ஜாக் எழுந்து போய்விடுகிறான். காளையிடமிருந்து உயிரைக் கொடுத்துக் காப்பாற்றத் தயார். பக்கத்தில் உட்காரத் தயாரில்லை!

எனிசுக்குப் பயம் சிறு பிராயத்திலேயே ஊட்டப்பட்டது. ஓர் ஆணோடு குடித்தனம் செய்ததற்காக அடித்துக் கொல்லப்பட்ட ஒரு கிழவனின் பிணத்தை அவன் தகப்பனே அழைத்துப் போய்க் காட்டினான். பிள்ளை வளர்க்கிற லட்சணம் இது. ஆகவே இருவரும் ஊருக்காகக் கலியாணம் செய்துகொண்டார்கள். வருஷத்தில் சில நாள் மீன் பிடிக்கப் போகிறோம் என்று சொல்லிச் சந்தித்தார்கள். எனிசின் மனைவி மீன் கூடையைத் திறந்து பார்க்கிறாள். அதில் விலைச் சீட்டுக்கூட கிழிபடாமல் இருக்கிறது. தாய்மார்களே, இந்தப் பெண் செய்த குற்றம் என்ன? இருவரைச் சேர்ந்து வாழவிடாத ஊர், ஒன்றுமறியாத இரண்டு பெண்களின் வாழ்வையும் சேர்த்துக் கெடுத்தது. இதற்கு ஒழுக்கம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கதைதானே என்பீர்கள். கதை வெளியான மறு வருஷம், 1998 அக்டோபரில், அதே வயோமிங்கில் லாரமி என்ற ஊரில் மாத்யூ ஷெப்பர்டு என்ற 21 வயது மாணவரை இருவர் அழைத்துப் போய் அடித்து வேலியில் கட்டிவிட்டு வந்தார்கள். மறுநாள் அவரைக் கண்டவர் முதலில் வயற்காட்டுப் பொம்மை என்று நினைத்தாராம். சில நாளில் அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். இப்படிப்பட்ட துவேஷக் கொலைகளுக்காக அவர் பெயரிலும் ஒரு கறுப்பர் பெயரிலும் சட்டம் செய்ய 2009 வரையில் ஆயிற்று.

“இயற்கைக்கு விரோதம்” என்பதுதான் எதிரிகளின் பெரிய ஆயுதம். இங்கிலாந்தில் 1533-இல் எட்டாவது ஹென்றி ராஜா காலத்தில் போட்ட சட்டம் குடியேறினவர்களோடு அமெரிக்காவுக்குப் போயிற்று. துரைத்தனத்தாரோடு 1860-இல் நம் தேசத்துக்கும் 377-ஆவது பிரிவாக வந்தது. இங்கே 2018-இலும், அமெரிக்கா முழுமைக்கும் 2003-இலும்தான் கோர்ட்டார் அதன் பல்லைப் பிடுங்கினார்கள். தோழர்களே, தண்ணீர் மேட்டுக்கு ஓடக்கூடாது என்று யாராவது சட்டம் போட்டதுண்டா? இயற்கையில் இல்லாத காரியத்தைத் தடுக்கப் போலீசு எதற்கு? ஆட்டுக்கிடாய்களைச் சோதித்த அமெரிக்க விஞ்ஞானிகள், நூற்றுக்குச் சுமார் 8 கிடாய்கள் பெட்டையை விட்டுக் கிடாயையே நாடுகின்றன என்று கண்டிருக்கிறார்கள். அந்தக் கிடாய்களுக்கு எந்த நாவலைப் படித்துப் புத்தி கெட்டது? மனநோய் என்றவர்களும் உண்டு. அமெரிக்க மனநோய் வைத்தியர்களின் சங்கமே 1973-இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது.

இனி, பயந்தே வாழாமல் எழுந்து நின்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நெவாடா மாகாணத்து ரீனோ நகரில் பில் ராக்ஸ்டேல் என்பவர் 1976-இல், தன்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு ரோடியோ நடத்தினார். எதற்காக? ஊரிலுள்ள ஏழைக் கிழவர்களுக்கு விருந்துச் செலவுக்குப் பணம் சேர்க்க! மைதானம் கிடைத்தது. மாடு கிடைக்கவில்லை. யாருக்கு என்று தெரிந்ததும் பண்ணைக்காரர்கள் வாடகைக்கு விட மறுத்தார்கள். கடைசியில் 5 பசு, 10 கன்று, ஒரு பன்றி, ஒரு மட்டக் குதிரை, இவ்வளவோடு பந்தயம் நடந்தது. நடந்தது என்பதுதான் முக்கியம். 1985-இல் பல மாகாணச் சங்கங்கள் ஒன்றுகூடின. 1988-இல் ஃபாலன் என்ற ஊரில் இறுதிப் பந்தயத்தை எய்ட்ஸ் பீதியைக் கிளப்பிக் கோர்ட்டுத் தடை வாங்கி நிறுத்தினார்கள். நின்றது அந்த ஒரு பந்தயம்தான், சங்கம் நிற்கவில்லை.

அவர்களுடைய பந்தயத்தில் இன்னொரு ஏற்பாடு உண்டு. மற்ற ரோடியோக்களில் பீப்பாய்களைச் சுற்றிக் குதிரை ஓட்டுவது பெண்களுக்கு, காளை ஏறுவது ஆண்களுக்கு என்று பிரித்து வைத்திருப்பார்கள். இவர்களிடத்தில் பெண்ணும் காளை ஏறலாம். ஆணும் பீப்பாயைச் சுற்றலாம். ஏறினார்கள், சுற்றினார்கள். ஒருவரும் கெட்டுப்போகவில்லை.

எனக்குக் கொடுத்த நேரம் ஆகிவிட்டது. ஆட்சேபணையுள்ள தோழர்கள் இப்போது எழுந்து கேட்கலாம்.