வாக்குமூலம் எம்மொழியில்?



நவீன பொலிஸ் படைக்கு வாகனம் போதாது, கருவி போதாது என்கின்றனர். இருக்கலாம். ஆனால், நீரிறைக்கும் இயந்திரத்தைத் திருட்டுக் கொடுத்த கமக்காரன் தமிழில் சொல்கிறான். தமிழறியாப் பொலிஸ்காரர் சிங்களத்தில் எழுதுகிறார். வாசித்தறிய இயலாத தாளில் அவன் கையொப்பமிடுகிறான். பின்னர், நீதிமன்றத்தில் அவன் சாட்சியம் முரண் என்று காட்டுதற்கு அதே தாள் எடுக்கப்படுகிறது! எழுதியவரின் பிழையால் சொன்னவன் பொய்யனாகிறான்.

1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது; மாகாணங்களுக்குப் பொலிஸ் அதிகாரத்தையும் ஏட்டில் வழங்கியது. அவ்வதிகாரம் இன்னும் கைமாறவில்லை. முறைப்பாட்டாளர் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் எழுதப்படல் வேண்டுமென 2011இல் நல்லிணக்க ஆணைக்குழுவும் விதந்துரைத்தது.

சட்டத்தரணிகளே, உங்கள் ஊர்க் கமக்காரனோடு நிலையத்துக்குச் செல்லுங்கள். தமிழில் எழுதும்வரை கையொப்பமிடாதே என்று அவனுக்குச் சொல்லுங்கள்.