நெல்லின் கழுத்தைப் பிடிக்கும் நோய்



செரண்டாவிலிருந்து மேற்கே கடற்கரைப் பக்கம் போனால் தஞ்சோங் காராங், செகிஞ்சான் வயல்கள். சிலாங்கூரின் நெற்களஞ்சியம் அதுதான். அங்கே வயல் வேலைக்குப் போகிறவர்கள் அறிந்திருக்க வேண்டிய பகைவன் ஒன்று உண்டு. அதன் பெயர் குலை நோய். மலாய்க்காரர் ‘காரா’ என்பர்.

இது பூசணத்தால் வருவது. முதலில் இலையில் கண் வடிவில் புள்ளி விழும். நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் பழுப்பு. இலையோடு நின்றால் பயிர் பெரும்பாலும் தேறிவிடும். கதிர் வெளிவரும் வேளையில் கழுத்தைப் பிடித்தால்தான் வினை. சத்து ஏறும் வழி அடைபட்டு, மணி பால் பிடிக்காமல் பதராகும். தூரத்தில் நின்று பார்ப்பவர், “அட, முற்றிவிட்டதே!” என்று ஏமாந்துபோவார்.

தண்டுத் துளைப்பான் புழுவும் இப்படி வெள்ளைக் கதிர் உண்டாக்கும். ஆகவே கதிரைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்து, தண்டு அரித்திருந்தால் புழு. கழுத்தில் கருகிய வளையம் இருந்தால் குலை நோய். இரண்டுக்கும் மருந்து வேறு. பார்க்காமல் அடிப்பது காசைத் தண்ணீரில் கரைப்பதுதான்.

நம் முன்னோர் சீமையிலும் இதே தொல்லை இருந்தது. ஆடுதுறை 10 என்ற நெல் குலை நோய்க்கு எளிதில் ஆளானதால், கோயம்புத்தூர் ஆராய்ச்சியாளர்கள் நோய் தாங்கும் கோ 4 நெல்லோடு அதைக் கலந்து, கோ 25 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள். இங்கே மார்டி 2001இல் வெளியிட்ட எம்.ஆர். 219 நன்றாக விளைந்தது, நாடெங்கும் பரவியது. பிறகு அதையும் குலை நோய் விடவில்லை. ஒரே விதை எங்கும் நின்றால் பூசணத்துக்கு வேலை சுலபம்.

கோதுமையையும் இதன் இனம் விட்டுவைக்கவில்லை. 1985இல் பிரேசிலில் தோன்றிய கோதுமைக் குலை நோய், 2016இல் கடல் கடந்து வங்காள தேசத்தில் சுமார் 15,000 ஹெக்டரைத் தாக்கியது.

பூசண வித்துகள் காற்றில் பறந்து வரும். இரவுப் பனியில் இலை நெடுநேரம் ஈரமாக இருந்தால் முளைத்துவிடும். யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கரும்பச்சையாகத் தழைக்கும். பார்க்க அழகுதான், பூசணத்துக்கோ விருந்து! உரத்தை அளவாக, பல தவணையாகப் போடுங்கள். வயலைக் காயவிடாதீர்கள். நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கு எடுக்க வேண்டாம். மருந்தடிக்கப் போகிறவர் முகக்கவசமும் கையுறையும் அணியட்டும். அந்தச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு துவைக்க வேண்டாம்.

இலையில் கண்புள்ளி தென்பட்டதுமே, கதிர் வரும்வரை காத்திராமல், விவசாய இலாகாவுக்குச் சொல்லிவிடுங்கள்.