முழங்கால் அறுவை: எப்போது செய்யலாம்?



நம் மையத்துக்கு வரும் ஓர் அம்மா தரையில் உட்கார மாட்டார். திண்ணையில் காலைத் தொங்கப் போட்டுத்தான் எழுதுவார். "டாக்டர் மூட்டை மாற்றச் சொல்கிறார். மகன் வேண்டாம் என்கிறான். நான் என்ன செய்ய?" என்று போன வாரம் கேட்டார். இது பல வீடுகளில் உள்ள கேள்வி.

முழங்கால் எலும்புகளின் நுனியில் வழவழப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது தேய்ந்தால் வலி வரும். உடனே அறுவை தேவையில்லை. முதலில் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்ய வேண்டும். எடையைக் குறைக்க வேண்டும். ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்குச் சுமார் 4 கிலோ பாரம் குறையும். கைத்தடியும் உதவும்.

பிறகு எப்போது அறுவை? எக்ஸ்ரே படம் மட்டும் அதைச் சொல்லாது. படத்தில் தேய்மானம் தெரியும். ஆனாலும் ஆள் நன்றாக நடப்பார். அவருக்கு அவசரமில்லை. இரவில் தூக்கமில்லை, கடைவரை நடக்க முடியவில்லை, பயிற்சிக்கும் மருந்துக்கும் வலி அடங்கவில்லை என்றால் யோசிக்க வேண்டும்.

அதிகம் தள்ளிப்போடுவதும் தவறு. கால் வளைந்து இறுகிவிட்டால் அறுவையின் பலன் குறையும். வலி மாத்திரையை நாமே வாங்கி வருடக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும்.

செயற்கை மூட்டு பெரும்பாலோருக்கு 15 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கிறது. இளம் வயதில் வைத்தால் மறுபடி மாற்ற நேரலாம். சிலருக்குக் கிருமி தொற்றும். சிலருக்கு வலி முழுவதும் போகாது. சர்க்கரை இருந்தால் முதலில் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். அறுவைக்குப் பிறகு பயிற்சியை விடக்கூடாது. குத்துக்காலிட்டு உட்காருவதும் கடினம்.

செலவு? செயற்கை மூட்டுக்கு 2017இல் மத்திய அரசு உச்ச விலை வைத்தது. 2018இல் ஆயுஷ்மான் பாரத் காப்பீடு வந்தது. அதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. உங்கள் அட்டையில் மூட்டு மாற்று எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்று முன்பே கேளுங்கள்.

நமக்கு இப்போது எழுதத் தெரியும். எவ்வளவு தூரம் நடந்தோம், எத்தனை மாத்திரை போட்டோம், எப்படித் தூங்கினோம் என்று தினமும் நோட்டில் எழுதுவோம். அதை டாக்டரிடம் காட்டுவோம். அந்த அம்மா தொடங்கிவிட்டார். முதல் வரி: "ராத்திரி மூன்று முறை எழுந்தேன்." அதை மகனும் படித்தார். அடுத்த முறை டாக்டரிடம் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

காலும் வலியும் அம்மாவுடையவை. முடிவிலும் முதல் சொல் அவருடையதாக இருக்கட்டும்.