முதுகலைப் பட்டமும் சம்பளக் கணக்கும்

(ஜோகூர் தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணியார் ஒருவர் பேசியது)



சென்ற சம்பள நாளன்று மேல் லயத்து அம்மையார் ஒருவர் ஆபீசுக்கு வந்தார். மகன் பட்டதாரி. மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் குற்றவியல் நீதி முதுகலைப் பட்டம் படிக்க வேண்டும் என்கிறானாம். ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்க வழி கேட்டார். "படிச்சு வந்தா என்னா சம்பளம் வரும், கிராணி ஐயா?" என்றார். நம்மிடம் உடனே பதில் இல்லை. விசாரித்து அறிந்ததை இன்று சொல்லுகிறோம்.

இந்தப் பட்டம் ஒருவரை வக்கீலாக்காது. வக்கீல் தொழிலுக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி வேறு தகுதிகள் உண்டு. இதைக் குழப்பிக் கொள்ளுகிறவர்கள் அநேகர். கிராணிமார்களும் அதில் சேர்த்திதான்.

போலீசில் உதவி சூப்பரிண்டெண்டாக நுழைய இளங்கலைப் பட்டமே போதும். சிறைச்சாலை அதிகாரி உத்தியோகத்திற்கும் அப்படியே. 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் நன்னடத்தை அதிகாரி என்று ஒருவரை வைத்திருக்கிறது. தவறு செய்த பிள்ளையின் வீட்டு நிலைமையை விசாரித்துக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நம் லயத்து வாழ்க்கை தெரிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தால் எவ்வளவு நன்மை! ஆனால் சர்க்கார் சம்பளம் பதவியின் படியைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. கூடுதல் பட்டத்தோடு புதிதாக வருகிறவரும் அதே படியில்தான் ஏறவேண்டும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 2023இல் அங்கே நன்னடத்தை அதிகாரிகளின் நடுத்தரச் சம்பளம் வருஷத்திற்கு ஏறத்தாழ 62,000 டாலர். அந்த வேலைக்கும் வழக்கமாகக் கேட்கப்படுவது இளங்கலைதான். அந்தத் தொகையை நான்கால் பெருக்கி வெள்ளியாக்கிக் கனவு காண வேண்டாம், தோழர்களே. அங்கே வாடகையும் டாலரில்தான்.

இனி செக்ரோல் எழுதும் கை போட்ட கணக்கைக் கேளுங்கள். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பையன் வேலைக்குப் போகாமல் ஒரு வருஷம் முழுநேரமாகப் படித்தால், அந்தக் குறைந்த சம்பளத்தில் பார்த்தாலும் 20,400 வெள்ளி நஷ்டம். முதலாளி கட்டும் சேமநிதி 13 சதவிகிதம், அது 2,652 வெள்ளி. ஆக 23,052. கல்லூரிக் கட்டணம் இதில் சேரவில்லை. இளங்கலைக்கு வாங்கிய பி.டி.பி.டி.என். கடன் பாக்கியும் சேரவில்லை. பெரட்டுக்கு இருட்டில் எழுந்து போய், மழை நாளில் வெட்டில்லாமல் திரும்பி வந்த அந்த அம்மையாரின் முதுமைக்குச் சேர்ந்த பணம் அது.

படிப்பு வீண் என்று நாம் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக விரும்புகிறவருக்கு முதுகலை அவசியம். ஏற்கெனவே போலீசிலோ, சிறையிலோ, வங்கியின் மோசடித் தடுப்புப் பகுதியிலோ இருப்பவர் பகுதி நேரமாகப் படித்தால், பதவி உயர்வு நேரத்தில் அது கைகொடுக்கலாம். அவர் சம்பளமும் நிற்காது, தாயின் சேமநிதியும் கரையாது.

இதையே அம்மையாரிடமும் சொன்னோம். முகம் வாடிவிட்டது. மறுநாள் மாலை மகனே வந்தான். கோபமாகத்தான் வந்தான், நம் கணக்குத் தாளை இரண்டு தடவை கூட்டிப் பார்த்தான். பிறகு, போலீசுக்கும் சிறை இலாகாவுக்கும் எப்படி மனுப் போடுவது என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ்களோடு வரச் சொல்லியிருக்கிறோம். உங்கள் வீட்டில் பட்டதாரிகள் இருந்தால் அவர்களும் அன்றே வரட்டும், ஆபீஸ் திறந்திருக்கும்.