வரைபடத்தில் நம்முடைய லயத்துக்கு என்ன நிறம்?

(தோட்டக் கமிட்டியின் மாதக் கூட்டத்தில் நமது அமைப்பாளர் ஆற்றிய உரை)



மழை இறங்குவதற்குள் வீடு போக வேண்டும் என்று எல்லோரும் வானத்தைப் பார்க்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

டவுனை ஒட்டியிருக்கும் நம்முடைய மூன்று லயங்களும் நகரசபை எல்லைக்குள் இருக்கின்றன. அந்த நிலம் இதுவரை குடியிருப்பு வலயம். அதை வர்த்தக, சுற்றுலா வலயமாக மாற்றுவது பற்றிச் சபை இப்போது ஆலோசிக்கிறது.

வலயம் என்றால் என்ன என்று பீலிக்கரையில் ஓர் அக்கா கேட்டார். நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு 1978 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஓர் இடத்தை நகர அபிவிருத்திப் பிரதேசமாகப் பிரகடனம் செய்தால், எந்தத் துண்டில் வீடு, எந்தத் துண்டில் கடை, எந்தத் துண்டில் ஹோட்டல் என்று வரைபடத்தில் நிறம் போட்டுப் பிரிப்பார்கள். பிறகு யார் கட்டட அனுமதி கேட்டாலும் அந்த நிறத்தைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள்.

நிறம் மாறிய மறுநாளே யாரும் நம்மை வெளியே போகச் சொல்லப் போவதில்லை. அதனால்தான் பலருக்கு இதில் பயமில்லை. ஆனால், நாளைக்கு அந்த இடத்தில் நம்முடைய பிள்ளைக்கு ஏழு பேர்ச்சஸில் தனிவீடு கேட்டால், "இது குடியிருப்பு வலயம் இல்லையே" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். நிலத்தின் விலை ஏறும். விலை ஏறிய நிலத்தில் 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்கள் எல்லோர் கண்ணையும் உறுத்தும்.

டவுன்காரர் வீட்டுக்கு உறுதி இருக்கிறது, சோலைவரி இலக்கம் இருக்கிறது. அவருக்கு ஒன்றென்றால் அவரே எழுந்து பேசுவார். நமக்கு? தோட்டங்கள் 1992 இல் கம்பனிகளிடம் போயின. நிலம் இன்னும் அரசுக்குச் சொந்தம். நான்கு தலைமுறை குடியிருந்த நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. காகிதத்தில் இல்லாதவர்களுக்கு யார் கடிதம் போடுவார்கள்?

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஊரின் படம் வரையச் சொன்னேன். கோயில், பீலி, பிள்ளை மடுவம், ஒவ்வொரு லயத்துக்கும் இஸ்தோப்பு என்று எதையும் விடாமல் வரைந்தார்கள். பிறகு நகரசபைக்குப் போய்த் திட்ட வரைபடத்தைப் பார்த்தேன். நம்முடைய இடத்தில் ஒரே நிறம் பூசியிருந்தது. ஒரு லயமும் இல்லை.

நாம் டவுன் வளர்வதற்கு எதிரிகள் இல்லை. நம்முடைய இளைஞர்களுக்கும் கடை வேண்டும், வேலை வேண்டும். நாம் கேட்பது ஒன்றுதான்: முதலில் வீடு, பிறகு வலயம். வேறு இடம் தருவதானால் உறுதியோடு தர வேண்டும். பாடசாலைக்கும் மலைக்கும் நடந்து போகும் தூரமாக இருக்க வேண்டும். மண் சரியாத இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை.

செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, வீட்டுக்கு வீடு குடும்பப் பட்டியல். மாதர் சங்கம் இதை எடுத்துக்கொள்ளட்டும். இரண்டாவது, அறிவித்தலில் உள்ள கடைசித் திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபனை. தமிழிலேயே எழுதலாம், அது நம்முடைய உரிமை. பதிவுத் தபாலில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மூன்றாவது, 2016 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம்: யார் கேட்டு இந்த மாற்றம் வந்தது, சபை அறிக்கையில் என்ன இருக்கிறது? 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்ல வேண்டும். நான்காவது, உறுப்பினர்கள். இரண்டு வருடத்துக்கு மேல் சபைகளில் மக்கள் தெரிவு செய்தவர்கள் இல்லை. 2025 மே 6 அன்று நாம் வாக்களித்து அனுப்பியவர்கள் இப்போது இருக்கிறார்கள். வாக்குக் கேட்டு இஸ்தோப்பு வரை வந்தவர்களை மறுபடியும் இஸ்தோப்புக்கு அழைப்போம்.

வருகிற ஞாயிறு காலை, கோயில் மண்டபத்தில் கடிதம் எழுதுகிறோம். அடையாள அட்டையோடு வாருங்கள். எழுதத் தெரிந்த பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர்கள் வரைந்த படத்தையும் கடிதத்தோடு சேர்த்து அனுப்பப் போகிறேன்.