கூடப் போக ஓர் ஆள்
(ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அகதிகளுக்கு உதவி என்றதும் போர்வையும் பால்மாவும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. முகாமில் அவை தேவைதான். ஆனால் முகாமை விட்டு அந்நிய தேசத்தில் குடியேறும் குடும்பத்துக்கு, கூடப் போக ஓர் ஆள் வேண்டும்.

கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து ஜனங்கள் படகிலும் கால்நடையாகவும் தப்பி ஓடிய காலம் அது. 1979-ல் மெனோனைட் மத்தியக் குழு என்னும் திருச்சபை அமைப்பு அந்நாட்டு அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி ஒரு சபை ஓர் அகதிக் குடும்பத்தை வரவழைத்து, ஓராண்டுக்குப் பொறுப்பேற்கலாம். அக்கம்பக்கத்தார் ஐந்து பேர் சேர்ந்தும் அப்படிச் செய்ய வழி இருந்தது. 1979, 1980 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வந்த சுமார் 60,000 பேரில் பாதிக்கும் மேலானோர் இவ்விதம் வந்தவர்களே. அந்த மெனோனைட்டுகளில் பலருடைய பெற்றோர் 1920களில் ரஷ்யாவிலிருந்து தப்பி வந்தவர்கள். அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வீட்டு வாடகை, குளிருக்குக் கோட்டு, பஸ், பாங்கு, இவற்றையெல்லாம் சபையார் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரி விஷயம் அப்படி எளிதல்ல. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் புது மொழியைப் பிடித்துக்கொள்வார்கள். எந்த நாட்டிலும் நடப்பது என்னவென்றால், உடனே பத்து வயதுப் பையனைத் தாய்க்கு மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிடுவார்கள். மாதவிலக்குக் கோளாறையும் வழியில் பட்ட கொடுமையையும் எந்தத் தாய் மகன் வாயால் டாக்டரிடம் சொல்லுவாள்? தலைவலி என்பாள். தலைவலிக்கு மாத்திரை கிடைக்கும். வியாதி அப்படியே இருக்கும். இரு மொழியும் தெரிந்த, குடும்பத்தைச் சேராத, கேட்டதை வெளியே சொல்லாத ஒரு பெண் கூடப் போனால்தான் டாக்டரின் படிப்பே பயன்படும்.

இன்னொன்று. வரவழைத்தவர்கள் எஜமான்கள் ஆகிவிடக்கூடாது. சிறிய ஊர்களில் குடியேறிய சில குடும்பங்கள், ஓராண்டு முடிந்ததும் தங்கள் ஜனம் இருக்கும் பட்டணங்களுக்குப் போய்விட்டன. சபையாருக்கு வருத்தம்தான். ஆனால் அதை நன்றிகேடு என்று நான் சொல்லமாட்டேன். சொந்த மொழி பேச ஆளும், பழகிய அரிசியும், புத்தர் கோயிலும் இருக்கும் இடத்தை யார்தான் தேடமாட்டார்? நம் ஆராதனைக்கு வந்தால்தான் உதவி என்று கட்டுவது, சொல்லாமல் கட்டினாலும், தவறு.

2015-க்குப் பின் சிரியாக் குடும்பங்கள் அதே முறையில் வந்தன. பொறுப்பேற்ற குழுக்களில், அன்று வியட்நாமிலிருந்து வந்தவர்களும் இருந்தார்கள்.